தீ சுடாத கால்

“என் உசிரு இருக்கிற வரைக்கும் இந்தக் கராங்லோவுல சர்க்கரை போடாத டீ ஒரு கிளாஸ்கூட என் அடுப்பை விட்டு வெளிய போகாது. அப்படிப் போச்சுன்னா, இதோ இந்த வாளித் தண்ணிய நானே ஊத்தி அடுப்பை அணைச்சுட்டு எந்திரிச்சுப் போயிடறேன்!”

பத்து வருடத்துக்கு முன் வாகிமின் இந்தச் சபதத்தைச் செய்தபோது ஐந்து கெட்டில்களும், பந்தல் நிறைய விருந்தாளிகளும், ஜகார்த்தாவிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பாவும் சாட்சியாக இருந்தார்கள். சித்தப்பா செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். பந்தலுக்குப் பின்பக்கம் தயங்கித் தயங்கி வந்து, “காங், எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாம ஒண்ணு கிடைக்குமா?” என்று கேட்டுவிட்டார். காங் என்றால் அண்ணன். கேட்ட விதத்தில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேட்ட பொருள்தான் தகாதது. சித்தப்பாவின் கையில் சர்க்கரைப் பாகு மாதிரி ஒரு கிளாஸ் திணிக்கப்பட்டது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் குடித்தார். வேறென்ன செய்வார்?

க்ளாத்தென் பக்கத்துக் கிராமங்களில் கல்யாணம் என்றால் ஊரே வேலை செய்யும். பெண்கள் சமையலுக்கு, இளவட்டங்கள் தட்டு தூக்க, பெரியவர்கள் வாசலில் கைகூப்பி நிற்க. இதில் தேநீர் அடுப்பு மட்டும் ஒரு தனி அரசாங்கம். அதற்கு ஊருக்கு ஒரு ஆள்தான். தேர்தல் கிடையாது, ஓய்வு வயதும் கிடையாது. முப்பத்தோரு வருடமாகக் கராங்லோவில் அந்த ஆள் வாகிமின். மூன்று விதத் தேயிலையை எந்த அளவில் கலக்கிறார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும். ஆண்டவனுக்கும் முழுதாகத் தெரியாது என்பது வாகிமினின் எண்ணம். சூடாக, தித்திப்பாக, கெட்டியாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கல்யாண வீட்டுக்காரர் ஆயுள் முழுக்கத் தலைகுனிந்து நடக்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு கெட்டிலையும் ருசி பார்த்துத்தான் வெளியே விடுவார். ஒரு கல்யாணத்துக்கு நாற்பது கெட்டில். ருசி என்றால் நாக்கு நுனியில் ஒரு சொட்டு என்று நினைத்துவிடாதீர்கள். மனுஷர் கடமையில் கஞ்சத்தனம் பண்ணுகிறவர் இல்லை.

அவருக்குச் சர்க்கரை இருப்பது இரண்டு வருடமாகத் தெரியும். அரசு சுகாதார நிலையத்தில் கண்டுபிடித்தார்கள். எதுவும் சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தார்கள், அதன்படியே போனார். ஊசி குத்திய சிஸ்டர் லிஸ்தியா இயந்திரத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை குத்தினாள்.

“பாக் வாகிமின், நெஜமாவே வெறும் வயித்துலதான் வந்தீங்களா?” பாக் என்றால் ஐயா.

“சத்தியமா! காலைலேர்ந்து ஒரு பருக்கை உள்ள போகலை.”

“டீ?”

“ரெண்டு கிளாஸ்.”

“வேற?”

“வாழைப்பழ பஜ்ஜி ஒரு நாலு. அவிச்ச மரவள்ளி. அதெல்லாம் சாப்பாடாம்மா? சோறுதான் தொடலையே!”

சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சோறு இறங்கும்வரை மனிதன் சாப்பிடாதவன். லிஸ்தியா மறுநாள் மறுபடி வரச் சொல்லி, ‘தண்ணீர் மட்டும்’ என்று அவர் கையிலேயே பேனாவால் எழுதி அனுப்பினாள். மறுநாள் வந்த எண் முந்நூற்றுப் பன்னிரண்டு. வாகிமின் அதைக் கேட்டு மிரளவில்லை. ஊரிலேயே அதிக எண் யாருக்கு என்று மட்டும் விசாரித்தார். மாத்திரைகளை வாங்கி அலமாரிக்கு மேலே வைத்தார். அவை அங்கே பத்திரமாக இருந்தன.

“சர்க்கரை என்கிட்ட வேலை பாக்குது, சகிரான். நான் அதுகிட்ட வேலை பாக்கலை” என்று தன் உதவியாளரிடம் சொல்லி வைத்தார். சகிரான் இருபது வருடமாகக் கெட்டில் தூக்குகிறவர். அடுப்பு எப்போது தன் கைக்கு வரும் என்று இருபது வருடமாகக் கவலைப்படாதவர் போலவே நடித்து வருகிறவர்.

அப்புறம் பெசார் மாதம் வந்தது. கல்யாணங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரும் மாதம். மூன்றாவது கல்யாணத்தில், வாகிமின் வெறுங்காலோடு அடுப்பின் முன் நின்று ஏழாவது கெட்டிலை ருசி பார்த்துக்கொண்டிருந்தபோது, சகிரான் மூக்கைச் சுளித்தார்.

“ஏதோ கருகுது காங். கோழித்தோலா?”

“சமையக்கட்டுல போய்க் கேளு.”

சகிரான் குனிந்து பார்த்துவிட்டு அலறினார். வாகிமினின் இடது கால் கட்டைவிரல்மேல் ஒரு கரித்துண்டு, நல்ல சிவப்பாக, ஏதோ சொந்த இடம் மாதிரி உட்கார்ந்திருந்தது. வாகிமின் குனிந்து பார்த்தார். காலை ஒரு உதறு உதறினார். கெட்டிலைத் தூக்கி அடுத்த கிளாஸை நிரப்பினார்.

“வலிக்கலையா?” என்றார் சகிரான்.

“எதுக்கு வலிக்கணும்?”

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் கராங்லோ முழுக்க, ராத்திரி சாப்பாட்டுக்குள் பக்கத்து ஊரான காத்தாக் வரை சேதி போய்விட்டது: வாகிமினைத் தீ சுடாது. அவருக்கு ஏதோ சித்தி கைகூடியிருக்கிறது. அடுப்பு முன்னால் முப்பத்தோரு வருடம் நின்றவரிடம் அக்கினி சமாதானத்துக்கு வந்துவிட்டது என்று ஒரு கட்சி. ரகசியமாக விரதம் இருந்திருக்கிறார் என்று இன்னொரு கட்சி. வாகிமின் இரண்டையும் மறுக்கவில்லை. கேட்டவர்களிடம் கண்ணை லேசாக மூடி, “அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது” என்றார். திங்கள், வியாழன் உபவாசம் என்று ஒருத்தரிடம் தவறிப்போய் வெளியே சொல்லியும் விட்டார். அவர் ஆயுளில் உபவாசம் இருந்த திங்கட்கிழமை எது என்று மனைவி சுமியாத்துன் யோசித்துப் பார்த்தாள். கிடைக்கவில்லை. காத்தாக்கிலிருந்து ஒருத்தி காய்ச்சல் குழந்தையைத் தூக்கி வந்து ஊதிவிடச் சொன்னாள். ஊதினார். குழந்தை அழுதது. அதுவே நல்ல அடையாளம் என்றார்கள்.

பதினோராம் நாள் சித்தியிலிருந்து வாடை வந்தது.

சுமியாத்துன் அவர் காலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். கட்டைவிரல் நுனி கறுத்து, ஓரத்தில் ஈரமாக இருந்தது.

“பக்னே, எந்திரிங்க. கிளம்பலாம்.” பிள்ளையின் தகப்பனே என்று கூப்பிடும் முறை அது (அவர் அவளைக் கூப்பிடுவது மக்னே, பிள்ளையின் தாயே), கல்யாணமாகி முப்பது வருடமாக அவள் அவர் பெயரைச் சொன்னதில்லை.

“எங்க? இது தானா ஆறிடும் மக்னே. ஒரு சித்தி உள்ளவனுக்கு…”

“சித்தியும் வரட்டும். ஸ்கூட்டர்ல எடம் இருக்கு.”

லிஸ்தியா அவரைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். கையில் மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு துண்டு நைலான் இழை. “நான் தொடும்போது தொட்டேன்னு சொல்லுங்க, பாக்.”

“சரி.”

கொஞ்ச நேரம் போனது. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

“ஆரம்பிக்கலையாம்மா?” என்றார் வாகிமின்.

கண்ணைத் திறந்தார். சுமியாத்துன் தலைத்துணி நுனியை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏழு எடத்துல தொட்டுட்டேன் பாக்” என்றாள் லிஸ்தியா. “தீ உங்களைச் சுடாம இல்லை. நல்லாவே சுட்டிருக்கு. சுட்டதை உங்களுக்குச் சொல்ற நரம்பைச் சர்க்கரை தின்னுடுச்சு.”

லிஸ்தியா சொல்லிக்கொண்டே போனாள். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு. காயம் ஆறும்வரை அந்தக் காலை ஊன்றி நடை கூடாது. மாத்திரை அலமாரிக்கு மேலே அல்ல, வயிற்றுக்குள்ளே. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை இன்று ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று. அது முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாத பரிசோதனை. காயம் ஆறாமல் உள்ளே இறங்கினால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு.

“சீட்டுன்னா?”

“வெரலை எடுத்துடுவாங்க, பாக். சில பேருக்கு வெரலோட நிக்கறதில்லை.”

“அப்புறம் நான் அடுப்பு முன்னாடி எப்படி நிக்கறது?”

லிஸ்தியா கட்டுத்துணியை எடுத்தாள்.

மறுநாள் சகிரான் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நலம் விசாரிக்க வந்தார். நோயாளிக்கு எது ஆகாதோ அதைக் கொண்டு வருவதுதான் ஊர் வழக்கம். ஏதேதோ பேசினார். கடைசியில் முழங்காலைத் தடவிக்கொண்டே விஷயத்துக்கு வந்தார். மவுலுத் மாதம் முடிந்ததும் அவர் மகளுக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்றவர் தன் வீட்டு விசேஷத்தில் அடுப்பருகே உட்காரக் கூடாது. “உங்களுக்கும் கால் இப்படி ஆயிடுச்சு காங். அதான்… காத்தாக்காரனைச் சொல்லி வெச்சிருக்கோம்.”

“எந்தக் காத்தாக்காரன்?”

“அந்த ஒசரமான ஆளு.”

“அவனா! ஒரே பாக்கெட் தேயிலைய வெச்சுக்கிட்டு, கெட்டிலைத் தெறந்தே விட்டுடுவானே, அவனா? ஆறிப்போன கழுநீரை உன் சம்பந்திக்குக் குடுக்கப் போறியா?”

“உங்க காலு…”

“என் காலு என் ஒடம்புல இருக்கு சகிரான்! அது சர்க்கரைக்குச் சீதனமாக் குடுத்தது இல்லை. போய்க் காத்தாக்காரன்கிட்ட வேலை இல்லைன்னு சொல்லு. நான் நிப்பேன்.”

சகிரான் போனதும் வாகிமின் அந்த வாழைப்பழச் சீப்பை எடுத்து ஆட்டுக்குப் போட்டார். போர்ப் பிரகடனம் அப்படித்தான் நடந்தது. ஆடு சந்தோஷமாக இருந்தது.

நல்ல வேளையாகச் சூரோ மாதம் பிறந்தது. எங்கள் பக்கம் அந்த மாதத்தில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அடுப்புக்கு விடுமுறை, காலுக்கும் விடுமுறை. வாகிமின் தேநீருக்குத் தேயிலை அளக்கும் கண்டிப்போடு சோற்றை அளந்தார். ஒரு தேநீர்க் கிளாஸ் சோறு, அதற்கு மேல் ஒரு பருக்கை இல்லை. மீதித் தட்டில் கீரையும் முருங்கையும் டெம்பே என்கிற சோயா வில்லையும். பஜ்ஜியும் சாப்பாடுதான் என்று சட்டம் திருத்தப்பட்டது. முதல் வாரம் சுமியாத்துன் இரக்கப்பட்டு ஒரு கரண்டி கூட வைத்தாள். “நீ யாரு பக்கம் மக்னே? என் பக்கமா, வெரலை வெட்டறவன் பக்கமா?” என்று கத்தினார். அதற்கப்புறம் அவள் கிளாஸின் விளிம்பைக் கத்தியால் வழித்தே சோறு வைத்தாள்.

தினமும் சாயங்காலம் வாகிமின், அவள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, இரண்டு உள்ளங்காலையும் அதில் காட்டிக் காட்டிப் பார்ப்பார். கொப்புளம் உண்டா, கீறல் உண்டா, விரல் இடுக்கில் ஈரம் உண்டா என்று. எதிர்வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “சாமியார் தன் பாதத்தைத் தானே தரிசனம் பண்றாரு” என்றாள். “ஆமாம், காணிக்கை போட்டுட்டுப் போ!” என்றார் வாகிமின்.

இதெல்லாம்கூடச் சுலபம். கஷ்டம் பக்கத்து வீடுகளில் இருந்தது. கராங்லோவில் ஒருத்தன் சேவல் சண்டையில் மாட்டைத் தோற்றுவிட்டு வந்தால் மன்னிப்பார்கள். கொடுத்த தேநீரை வேண்டாம் என்றால் மன்னிக்க மாட்டார்கள். “ஒரு வாய்தானே காங்?” “நம்ம வீட்டு டீ பிடிக்காதா?” “உங்க சபதம் எங்க போச்சு?” வாகிமின் ஒரு பிளாஸ்கில் வெந்நீர் நிரப்பித் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அடுத்தவன் வீட்டுக்கு வெந்நீர் எடுத்துப் போன முதல் மனிதர் என்ற அவப்பெயரை நிமிர்ந்த தலையோடு ஏற்றுக்கொண்டார்.

தலை எப்போதும் நிமிர்ந்தே இருந்தது என்று எழுதினால் பொய். ஏழாவது வாரம் ஒரு பிற்பகல், ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அவர் கன்னம் புடைக்க உட்கார்ந்திருப்பதைச் சுமியாத்துன் பார்த்தாள். வாயில் ஒரு பெரிய கற்கண்டுக் கட்டி. கண்ணில் தண்ணீர்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எத்தனாவது?”

“மொதல்.” கொஞ்சம் யோசித்து, “ரெண்டாவது” என்றார். கட்டியைக் கையில் துப்பினார். “டீ இல்லாம என்னைப் பாத்தா யாருன்னே எனக்குத் தெரியலை மக்னே. வாயில ஒண்ணும் இல்லாதப்போ மனசு காலிக் கெட்டில் மாதிரி கடகடன்னு ஆடுது. ராத்திரி தூக்கமும் வரலை.”

“இதை எங்கிட்ட இன்னிக்குத்தான் சொல்றீங்க.”

“சித்தி உள்ளவன் இதையெல்லாம் சொல்லலாமா?”

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் அவரும். கட்டியை ஆட்டுக்குப் போடலாமா என்று யோசித்தார்கள். ஆட்டுக்கும் அது வந்துவிடும் என்று குப்பையில் போட்டார்கள். “வெள்ளிக்கிழமை சுகாதார நிலையத்துல உடற்பயிற்சி நடக்குது. நானும் வரேன், வாங்க” என்றாள்.

“அது கிழடுங்க ஆடற கூத்து!”

“அப்ப உங்களுக்குச் சரியா இருக்கும்.”

வெள்ளிக்கிழமை காலை, ஒலிபெருக்கியில் தாங்டுட் பாட்டு முழங்க, முப்பது பேர் கையைத் தூக்கி இடுப்பை வளைத்துக்கொண்டிருந்த முற்றத்தில், ஊன்றக் கூடாத காலோடு வாகிமினை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தபடியே கையை வீசினார். அப்போதுதான் எதிரே பார்த்தார். முதல் வரிசையில் ஊர்த்தலைவர் பாக் ஹர்சோயோ. அவருக்குப் பின்னால் மசூதியில் முரசு அடிக்கிறவர். அதற்கும் பின்னால், கல்யாணங்களில் எப்போதும் முன் நாற்காலியில் உட்காரும் பெருந்தலைகள் வரிசையாக. அத்தனை பேரும் அவர் தேநீரை வருடக்கணக்காகக் குடித்தவர்கள்.

“நீங்களுமா பாக்?” என்றார் வாகிமின்.

“ஒம்போது வருஷமா” என்றார் ஊர்த்தலைவர், கையைத் தட்டித் தட்டித் தூக்கிக்கொண்டே.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“யார்கிட்ட? வாளித் தண்ணிய ஊத்திடுவேன்னு நீங்கதானே கத்துனீங்க? விசேஷ வீட்டுல அடுப்பு அணைஞ்சா யாரு பொறுப்பு? அதான் பேசாம இருந்துட்டோம்.” மூச்சு வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “நான் குடிக்கலை. பக்கத்துல இருக்கிற பூந்தொட்டியில ஊத்திடுவேன்.”

கல்யாண வீடுகளில் முன்வரிசைக் குரோட்டன்ஸ் மட்டும் ஏன் பட்டுப்போகிறது என்று வாகிமின் பல வருடம் ஆச்சரியப்பட்டதுண்டு.

முரசுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. “நான் ஊத்தலை காங்” என்றார். “ஒங்க முகத்தைப் பாத்துக்கிட்டு ஊத்த மனசு வரலை. குடிச்சுட்டேன்.” அவர் இடது கண்ணுக்கு இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரியும்.

வாகிமின் அன்று பாட்டு முடியும்வரை கை வீசினார். அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவிடவில்லை.

காயம் மூடிய பிறகு, சாப்பிட்ட கையோடு வயல் வரப்பை ஒரு சுற்று நடக்கலாம் என்று லிஸ்தியா அனுமதித்தாள். செருப்பில் அல்ல, உள்ளே கல் இருக்கிறதா என்று கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடும் கான்வாஸ் ஷூவில். ஆயுளில் ஷூ போடாத மனிதர் சாரோங் கைலிக்குக் கீழே வெள்ளை ஷூவோடு வரப்பில் நடந்தார். நாற்று நட்டவர்கள் நிமிர்ந்து, “எந்த ஊர் கால்பந்து டீம் காங்?” என்றார்கள். “சர்க்கரைக்கு எதிர் டீம்!” என்று கத்திவிட்டு நடந்தார். சுமியாத்துன் இரண்டடி பின்னால், சிரிப்பை அடக்கியபடி. இரண்டு பேருக்கும் தூக்கம் நன்றாக வந்தது.

மூன்று மாதப் பரிசோதனையில், அன்று பதினொன்றே கால் சதவீதமாக இருந்த சராசரி ஏழரைக்கு வந்திருந்தது. நகம் போயிருந்தது, விரல் இருந்தது. லிஸ்தியா நைலான் இழையை எடுத்தாள். வாகிமின் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஒரு தடவை” என்றார் கடைசியில்.

“பத்து எடம் பாக். அந்த உணர்ச்சி திரும்ப வர்றது கஷ்டம். இனிமே காலுக்குப் பதிலா உங்க கண்ணுதான் பாக்கணும். ஷூ இல்லாம அடுப்புகிட்டப் போகக்கூடாது.”

“இந்தக் கால் பொய் சொல்லும்னு எனக்குத் தெரியும்மா. இனிமே நம்பமாட்டேன்” என்றார் வாகிமின்.

சகிரானின் மகள் கல்யாணத்தன்று விடிவதற்குள் வாகிமின் அடுப்பு முன்னால் இருந்தார், ஷூவோடு. காத்தாக்காரர் விருந்தாளியாக வந்து ஓரமாக நின்று பார்த்தார். மூன்று தேயிலைகளும் கலந்தன. முதல் கெட்டில் கொதித்தது. வாகிமின் நாக்கு நுனியில் ஒரே ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். நெஜமாகவே ஒரு சொட்டு. மீதியைச் சகிரானின் மைத்துனரைக் குடிக்கச் சொல்லி, அவர் முகத்தைப் பார்த்து ருசியைத் தெரிந்துகொண்டார்.

பந்தலில் ஆட்கள் நிறைந்தார்கள். முன்வரிசையில் ஊர்த்தலைவர், முரசுக்காரர், மற்றவர்கள். அவர்கள் பக்கத்தில் புதுக் குரோட்டன்ஸ் தொட்டிகள்.

வாகிமின் அடுப்பின் ஓரத்தில் இதுவரை இல்லாத ஆறாவது கெட்டில் ஒன்றை வைத்தார். சிறியது. சுமியாத்துன் வீட்டிலிருந்து சாரோங்கில் சுற்றிக்கொண்டு வந்தது. அதே மூன்று தேயிலை, அதே கொதி. பதினோரு கிளாஸ்களை எடுத்து ஊற்றினார். மற்றக் கிளாஸுக்கெல்லாம் சிவப்பு மூடி. இவற்றுக்கு மட்டும் பச்சை மூடி. தட்டைச் சகிரானின் மைத்துனரிடம் கொடுத்து, முன்வரிசை என்று கண்ணால் காட்டினார்.

புதுப் பட்டுச் சட்டையில் வாசலிலிருந்து ஓடிவந்த சகிரான், பெண்ணைப் பெற்றவர் அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்பதையும் மறந்து எட்டிப் பார்த்தார்.

“காங்! அந்தச் சின்னக் கெட்டில்ல சர்க்கரை போட மறந்துட்டீங்க!”

“மறக்கலை.”

சகிரானின் கண் மெதுவாக அடுப்பின் அருகே இருந்த வாளிக்குப் போனது. தண்ணீர் விளிம்புவரை இருந்தது. மைத்துனரும் அதைப் பார்த்தார். காத்தாக்காரரும் பார்த்தார்.

பந்தலின் முன்வரிசையில் ஒரு பச்சை மூடி திறந்தது. முரசுக்காரர் ஒரு வாய் குடித்து, நிறுத்தி, இன்னொரு வாய் குடித்தார். தலையைத் திருப்பி நல்ல கண்ணால் அடுப்பின் பக்கம் பார்த்தார். பூந்தொட்டியின் பக்கம் யார் கையும் போகவில்லை.

வாகிமின் தனக்கும் ஒரு கிளாஸ் அதே கெட்டிலிலிருந்து ஊற்றிக்கொண்டார். ஷூ போட்ட இடது காலால் வாளியை அடுப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார். அப்புறம் இரண்டு கரித்துண்டுகளை எடுத்து, கீழே விழாமல் பார்த்து, அடுப்பில் போட்டார்.